ஒரு துறைக்குத் தெரிந்ததை இன்னொரு துறை கேட்கலாமா?

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. தகுதியான குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய். ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் பேர் மனுப் போட்டார்கள். 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம் பேருக்குக் கிடைத்தது. 56 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் தள்ளுபடியாயின. அந்த வாரம் மதுரை கோச்சடை ரேஷன் கடை வரிசையிலும் இ-சேவை மையத்து வாசலிலும் வேறு பேச்சே இல்லை. "ஒனக்கு ஏறிருச்சா?" "எனக்கு ஏறலக்கா, என்னான்னே தெரியல." அந்த 'என்னான்னே தெரியல' எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், ஒரு துறையிடம் நாம் கொடுத்த விவரத்தை இன்னொரு துறை எடுத்துக்கொள்வதற்கு என்ன வரம்பு என்ற கேள்வியில் போய் நிற்போம்.

திட்டம் தொடங்கியபோது இருந்த நிபந்தனைகளைப் பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நஞ்சை என்றால் ஐந்து ஏக்கருக்குள், புஞ்சை என்றால் பத்து ஏக்கருக்குள். ஆண்டு மின் பயன்பாடு 3600 யூனிட்டுக்குள். கார், டிராக்டர் இருக்கக் கூடாது. வருமான வரி கட்டுபவராகவோ அரசு ஊழியர் வீடாகவோ இருக்கக் கூடாது. இதில் ஒவ்வொரு விவரமும் ஒவ்வோர் அலுவலகத்தில் இருக்கிறது. நிலம் வருவாய்த் துறையில், மீட்டர் கணக்கு மின்வாரியத்தில், வண்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், சம்பளம் கருவூலத்தில். மனுவோடு வருமானச் சான்று, நிலச் சான்று எதையும் இணைக்க வேண்டாம் என்று அரசே சொல்லிவிட்டது. தன்னிடம் இருக்கும் பதிவுகளைத் தானே ஒப்பிட்டுக்கொள்ளும், தேவைப்பட்டால் வீட்டுக்கு ஆள் வந்து பார்க்கும் என்றது.

இதை நான் மனதார வரவேற்றேன். ஒரு வருமானச் சான்றுக்காக வேலைக்கூலியை விட்டுவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியர் அலுவலகத்தையும் எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். அரசுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி மறுபடி ஏழைகளிடம் கேட்பது கொடுமை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் உதவித்தொகைத் திட்டத்தில் துறைகள் பேசிக்கொள்வதன் நல்ல முகத்தைப் பார்த்தோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளா என்பதற்குப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவே சாட்சி. துறைகள் பேசிக்கொள்ளவே கூடாது என்று யாராவது சொன்னால், அவர்கள் வரிசையில் நின்றவர்கள் இல்லை என்றுதான் நினைப்பேன்.

ஆனால் பதிவேட்டில் இருப்பதும் வீட்டில் இருப்பதும் ஒன்றல்ல. மேலக்கால் சாலையை ஒட்டிய தெருக்களில் காம்பவுண்டு வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரே மீட்டர், வீட்டுக்காரர் பேரில். உள்ளே மூன்று குடித்தனம், ஆளுக்கொரு சப்-மீட்டர். ஆண்டுக்கு 3600 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். மூன்று வீட்டு மின்விசிறியும் டிவியும் கிரைண்டரும் சேர்ந்தால் அது சுலபமாகத் தாண்டிவிடும். அந்த மின் இணைப்பு எண்ணைத் தன் மனுவில் எழுதிய குடித்தனக்காரி, காகிதத்தில் வசதியானவள் ஆகிவிடுவாள். கொஞ்சம் மேற்கே போனால் துவரிமான், கீழமாத்தூர் பக்கம் இன்னும் நஞ்சை உண்டு. அங்கே கூட்டுப் பட்டா. தாத்தா பேரிலிருந்து பிரியாத ஆறு ஏக்கரில் ஐந்து பங்காளிகள் இருந்தால், ஒருவருக்கு ஒரு ஏக்கர் சொச்சம்தான். ஆனால் பட்டா எண்ணை மட்டும் பார்க்கிற கணினிக்கு ஆறு ஏக்கரும் ஒருத்தர் நிலம்.

பெயர் இன்னொரு தொல்லை. முத்துலெட்சுமி ஆதாரில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் ஒரு விதமாகவும் ஆங்கில எழுத்தில் இருப்பார். கல்யாணத்துக்கு முன் அப்பா தலைப்பெழுத்து, பின்னால் கணவர் தலைப்பெழுத்து. வீட்டுக்கு ஒரே கைபேசி எண். அது மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான். தள்ளுபடிச் செய்தி யாருக்குப் போனது என்று பிறகு தேட வேண்டும்.

இங்கே அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. தள்ளுபடியானவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றது. பலருக்கு அதில் தொகை கிடைத்தது. குறை எங்கே என்றால் வரிசையில். முதலில் முடிவு, பிறகு மனு, அதன் பிறகு விளக்கம். எந்தத் துறையின் எந்தப் பதிவு, எந்தத் தேதியில் எடுத்தது, அதில் என்ன எண் இருந்தது என்று முன்கூட்டியே காட்டியிருந்தால், காம்பவுண்டு வீட்டுக்காரி "அது மூணு வீட்டு மீட்டர் சார்" என்று ஒரு வரியில் முடித்திருப்பாள்.

நோக்கம் மாறுவது இன்னும் ஆழமான சிக்கல். 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். பிரிவு அலுவலகங்களில் முகாம் போட்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை கெடு நீண்டது. அப்போது சொன்ன காரணம் மின்மானியம். சில மாதங்களில் மின் பயன்பாடு வேறொரு திட்டத்துக்கு அளவுகோலானது. இதில் சதி இருப்பதாக நான் சொல்லவில்லை. ஒரு காரணத்துக்காகக் கொடுத்த விவரம் இன்னொரு காரணத்துக்கு உதவும் என்று தெரிந்ததும் எந்த நிர்வாகமும் அதை எடுக்கத்தான் செய்யும். எடுப்பது இயல்பாக இருப்பதால்தான் அதற்கு வேலி வேண்டும்.

அந்த வேலியை நம் உச்ச நீதிமன்றம் ஒருமுறை அழுத்தமாகவே போட்டது. கோவாவின் வாஸ்கோவில் 2013-ல் ஒரு பள்ளிச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். கைரேகை கிடைத்தது. அதை ஒப்பிட ஆதார் ஆணையத்தின் தரவைத் தரச் சொல்லி சி.பி.ஐ. கேட்டது, கீழமை நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. ஆணையம் மறுத்து மேலே போனது. 2014 மார்ச் 24 அன்று, சம்பந்தப்பட்டவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உயிர் அடையாளத் தரவை எந்த அமைப்புக்கும் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. குற்றவாளி பிடிபட வேண்டும் என்று துடிக்காத மனம் இருக்காது. ஆனால் ரேஷனுக்காக விரல் வைத்த கோடிக்கணக்கான பேரை ஒரே நாளில் சந்தேகப் பட்டியலில் நிறுத்த முடியாது. கேட்டது இன்னொரு அரசு அமைப்பு, கேட்ட காரணமும் நியாயமானது, அப்படியிருந்தும் மறுக்கலாம் என்பதற்கு இந்த வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மீறாத அளவில் இருக்க வேண்டும். 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் மானியத்துக்கு ஆதார் கேட்பதை ஏற்றார்கள். தனியார் நிறுவனங்கள் கேட்க வழிசெய்த பகுதியை நீக்கினார்கள். ஆதார் ஆணையத்திடம் தனித்தனியாக இருக்கும் பதிவுகளைக் கொண்டு ஒருவரின் முழு வாழ்க்கையையும் கோத்துவிட முடியாது என்று நம்பினார்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சந்திரசூட் அதை நம்பவில்லை. இதற்கிடையில் மாநிலங்கள் செய்தது என்ன? ஹரியானா குடும்ப அடையாள அட்டை கொண்டுவந்தது. தெலங்கானா சமக்ர வேதிகா என்ற மென்பொருளால் பல துறைப் பதிவுகளைக் கோத்தது. தமிழ்நாடு மாநிலக் குடும்பத் தரவுத்தளத்தையும் 'மக்கள் ஐடி'யையும் அறிவித்தது. ஆதார் ஆணையம் கோக்காமல் இருக்கலாம்; ஆதார் எண்ணை நூலாக வைத்துக்கொண்டு மாநிலங்கள் கோத்துக்கொண்டிருக்கின்றன.

கோத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெலங்கானாவே பாடம். 2016 முதல் அங்கே ரத்தான ரேஷன் கார்டுகள் ஏறத்தாழ 19 லட்சம். முன்னறிவிப்பு இல்லாமல் கணினி சொல்லி நீக்கியதாக வழக்குப் போனது. 2022 ஏப்ரலில் அத்தனை கார்டுகளையும் நேரில் போய் மறுபடி சரிபார்க்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஹரியானாவில் அதே ஆண்டு செப்டம்பரில், பதிவேட்டில் இறந்துபோனதாகக் குறிக்கப்பட்டு ஓய்வூதியம் நின்றுபோன 102 வயது முதியவர் ஒருவர், ரோத்தக்கில் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மேளதாளத்தோடு ரதத்தில் ஏறி, தான் உயிரோடிருப்பதை நிரூபிக்கப் போனார். பத்திரிகைகள் அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. நூறு வயது தாண்டியவர் தன் உயிருக்குச் சாட்சி தேடிப் போனதில் வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது?

இது ஏழை நாட்டுக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிடப் பெரிது. வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து, ஆண்டின் 26 இரு வாரங்களுக்குச் சமமாக வகுத்து, நலத்துறையிடம் மக்கள் இரு வாரத்துக்கொருமுறை சொல்லியிருந்த வருமானத்தோடு 2015 முதல் ஒப்பிட்டார்கள். நான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவர், ஆண்டு முழுக்கச் சம்பாதித்தவராகத் தெரிந்தார். 'அதிகமாக உதவித்தொகை வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு' என்று லட்சக்கணக்கானவர்களுக்குக் கடிதம் போனது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்கள் தலையில். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். திட்டம் சட்டவிரோதம் என்று அரசே பின்னர் ஒப்புக்கொண்டது. 2021-ல் ஏறத்தாழ 180 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம். 2023 ஜூலையில் விசாரணை ஆணையத்தின் அறிக்கை. வரித்துறையின் எண் பொய்யில்லை, நலத்துறையின் எண்ணும் பொய்யில்லை. இரண்டையும் பொருத்திய விதம் பொய்.

நெதர்லாந்தில் சிரி என்ற அமைப்பு வரி, வீட்டுவசதி, உதவித்தொகை எனப் பல பதிவுகளைச் சேர்த்து, யார் மோசடி செய்யக்கூடும் என்று கணித்தது. அது எப்படிக் கணிக்கிறது என்று யாரும் சரிபார்க்க முடியாத நிலையைச் சுட்டிக்காட்டி, 2020 பிப்ரவரியில் ஹேக் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ருமேனியாவில் வரித்துறை மருத்துவக் காப்பீட்டு அமைப்புக்கு வருமான விவரத்தை மக்களுக்குச் சொல்லாமல் கொடுத்த வழக்கில், 2015 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் எளிமையாகச் சொன்னது: கொடுப்பதற்குமுன் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எனக்கு மிகப் பயனுள்ளதாகப் படுவது அமெரிக்காவின் 1988 சட்டம். 1974-ன் தனியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கணினியால் பதிவுகளை ஒப்பிடுவதற்கென்றே கொண்டுவந்தது. இரண்டு துறைகள் ஒப்பிட வேண்டுமானால் எதற்கு, எந்த விவரம், எவ்வளவு காலம் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். துறைக்குள்ளேயே ஒரு குழு அதை ஆராய வேண்டும். கணினி பொருந்துகிறது என்று சொன்னதை மட்டும் வைத்து யாருடைய உதவியையும் நிறுத்தக் கூடாது. தனியாகச் சரிபார்த்து, அவருக்கு அறிவித்து, பதில் சொல்ல அவகாசம் கொடுத்த பிறகே கை வைக்கலாம். நம் ஊர் 30 நாள் மேல்முறையீடு முடிவுக்குப் பின்னால் வருகிறது; அங்கே அவகாசம் முடிவுக்கு முன்னால் வருகிறது. அந்தச் சட்டத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2025 ஏப்ரலில் அமெரிக்க வரித்துறை, நாட்டைவிட்டு வெளியேற்றத் தேடப்படுபவர்களின் முகவரியைக் குடியேற்றத் துறைக்குத் தர உடன்படிக்கை போட்டது. ஆவணம் இல்லாதவர்களையும் வரி கட்டச் சொல்லிப் பல ஆண்டு ஊக்கப்படுத்திய அதே வரித்துறை.

நம் சட்டம் எங்கே நிற்கிறது? 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. பெரும்பாலான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். மானியம், சான்றிதழ், உரிமம் போன்றவற்றுக்காக முன்பு சம்மதம் கொடுத்திருந்தாலோ, மத்திய அரசு அறிவித்த அரசுப் பதிவேட்டில் விவரம் இருந்தாலோ, அரசு மறுபடி சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்கிறது ஏழாவது பிரிவு. இதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. மாதம் 1000 ரூபாய்க்காக நிற்பவரிடம் 'சம்மதமா?' என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? அந்தச் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

ஆட்சேபம் பதினோராவது பிரிவில். என் விவரம் யார் யாரிடம் பகிரப்பட்டது என்று கேட்டறியும் உரிமை அங்கே இருக்கிறது. ஆனால் அது சம்மதம் கொடுத்த இடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. சம்மதம் இல்லாமலே அரசு எடுத்துக்கொள்ளும் இடத்தில், அதாவது அந்த உரிமை மிகவும் தேவைப்படும் இடத்தில், அது மெலிந்துவிடுகிறது. அரசு வைத்திருப்பதை அழிக்கச் சொல்லும் உரிமைக்கும் பதினேழாவது பிரிவு விலக்குத் தருகிறது. தேவையான அளவு மட்டும் எடு, சரியாக இருக்கிறதா பார், சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவி என்று விதிகளின் இரண்டாம் அட்டவணை அரசுக்குச் சொல்கிறது, நல்லதுதான். ஆனால் மறுப்பதற்குமுன் அவர் பேச்சைக் கேள் என்று எங்கும் சொல்லவில்லை.

இதே சட்டத்தின் வழியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தினார்கள். தனிநபர் விவரம் என்றாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று 8(1)(j) பிரிவுக்குள் இருந்த வாசகம் போய்விட்டது. நூறு நாள் வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டிப் படித்துக்காட்டித்தான் பல ஊர்களில் போலிக் கணக்கைப் பிடித்தார்கள். பெயரும் வேலை நாளும் ஊருக்குத் தெரியட்டும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் தெரிய வேண்டியதில்லை. 2017-ல் நான்கு அரசு இணையதளங்களில் மட்டும் 13 கோடி ஆதார் எண்கள் வரை வெளியே தெரியும்படி கிடந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. மறைக்க வேண்டியதைத் திறந்துவைப்பதும் திறக்க வேண்டியதை மூடுவதும் ஒரே நிர்வாகத்தில் நடக்கின்றன.

சேர்த்து வைப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2021-ல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் துறையின் தரவு, ஏறத்தாழ 50 லட்சம் பேருடையது, இணையத்தில் கிடைப்பதாக ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் மென்பொருள் தளத்துக்குள் யாரோ புகுந்தார்கள். ஒவ்வொரு துறையும் அடுத்த துறையின் பதிவை நகலெடுத்து வைத்துக்கொண்டால், திருட ஒரு இடம் பத்து இடமாகும்.

அதனால் நகல் கொடுக்காமல் பதில் மட்டும் கொடுக்கும் முறை வேண்டும். தொகை கொடுக்கும் துறைக்கு ஒருவரின் மீட்டர் கணக்கு முழுவதும் எதற்கு? '3600-ஐத் தாண்டியதா?' என்று கேட்கட்டும், மின்வாரியம் 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்லட்டும். எஸ்டோனியா 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற அமைப்பில் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறது. பதிவு அந்தந்தத் துறையிலேயே இருக்கும். கேள்வி போகும், பதில் வரும், கேட்டது குறிக்கப்படும். தன் விவரத்தை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்று குடிமக்கள் அரசுத் தளத்தில் பார்க்கலாம். சின்ன நாடு, பதின்மூன்று லட்சம் பேர், மதுரை மாவட்டத்தில் பாதிகூட இல்லை என்று சொல்லலாம். ஆனால் நாள்தோறும் கோடிக்கணக்கான ஆதார் சரிபார்ப்புக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் பதில் சொல்லும் நாட்டுக்கு இது தொழில்நுட்பத்தால் முடியாததல்ல.

எல்லா விவரத்தையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் கர்ப்பமானதும் பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும். தாய்-சேய் இறப்பைக் குறைத்ததில் இந்தப் பதிவுக்குப் பங்குண்டு, அதை மதிக்கிறேன். அதே பதிவு ஒரு பெண்ணின் கருச்சிதைவையும் முன்பு நின்றுபோன கர்ப்பத்தையும் அறியும். சுகாதாரத் துறைக்குள்ளேயே எல்லாருக்கும் தெரிய வேண்டாத விவரம் அது. மகப்பேற்று நிதி கொடுப்பவருக்குத் தவணை தேதி போதும்.

துறைகளுக்கிடையே உண்மையான சுவர் எப்படி இருக்கும் என்பதை நம் நாடே 1948-ல் காட்டிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, கணக்கெடுப்பில் சொன்னதை யாரும் பார்வையிட முடியாது. சாதாரண வழக்கில் சாட்சியமாகவும் கொண்டுவர முடியாது. 2010-ல் வீடுவீடாக வந்த கணக்கெடுப்பாளர் கையில் இரண்டு படிவம் இருந்தது. வீட்டுப் பட்டியல் படிவத்துக்கு இந்தச் சுவர் உண்டு. தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுப் படிவம் 2003 குடியுரிமை விதிகளின் கீழ் வந்தது; அதற்கு இல்லை. வாசலில் நின்று பதில் சொன்னவர்களில் எத்தனை பேருக்கு அந்த வேறுபாடு தெரியும்?

தெரியாமல் பதில் சொல்லும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2025 ஜூலையில் மதுரைக் கிளையிலேயே பார்த்தோம். ஒரு கட்சியின் உறுப்பினர் சேர்க்கையில் வீடுவீடாக ஓ.டி.பி. கேட்பதற்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கேட்பது அரசா கட்சியா, கொடுக்காவிட்டால் தொகை நின்றுவிடுமா என்று தயங்கும் பெண்ணிடம், கேட்பவர் யார், எதற்கு என்று சொல்லும் கடமை முதலில் அரசுக்குத்தான் இருக்கிறது.

2027 பிப்ரவரியில் மறுபடி கணக்கெடுப்பாளர் வருவார்; மூன்று மாதத்தில் தரவுச் சட்டத்தின் கடமைகள் தொடங்கும். தமிழ்நாடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, தில்லியிடம் கேட்கவும் வேண்டியதில்லை. எந்தத் திட்டத்துக்கு எந்தத் துறை எந்தத் துறையிடம் என்ன கேட்கிறது என்ற ஒப்பந்தங்களை ஒரே தளத்தில் தமிழில் வெளியிட ஓர் அரசாணை போதும். மனு தள்ளுபடியாகும் முன், எந்தப் பதிவு தடுக்கிறது என்பதை ரேஷன் கடைப் பட்டியலிலும் குறுஞ்செய்தியிலும் சொல்லி, 15 நாள் அவகாசம் கொடுத்து, கோட்டாட்சியர் அலுவலகம் வரை அலையவிடாமல் வார்டு முகாமிலேயே பதிலை வாங்கிக்கொள்ளலாம். செய்தியில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: மின்வாரியப் பதிவு, இணைப்பு எண் இது, சென்ற ஆண்டு இத்தனை யூனிட், இது உங்கள் வீட்டுக்கு மட்டுமான மீட்டரா?